டி.சி.எஃப். மனப்பாடம் ஆகிவிட்டது, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை

கேள்வி: நான் பொறியியல் படித்துவிட்டு மூன்று வருடமாக மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பக்கம் போக ஆசை. ஆறு மாதத்தில் நான்கு ஆன்லைன் கோர்ஸ்களைக் காசு கொடுத்து வாங்கினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணிக்கும் டி.சி.எஃப். சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் போன வாரம் இந்தத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், "தேய்மானம் 10 கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்?" என்று கேட்டார், முழித்தேன். அடிப்படையை எங்கிருந்து ஆரம்பிப்பது? கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? சி.எஃப்.ஏ. என்ற நிதித் துறைத் தேர்வை எழுத வேண்டுமா? வயது 26, தாமதமாகிவிட்டதா?

பதில்: வணக்கம். உங்கள் நண்பர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். அந்த ஒரு கேள்வியை முழுசாகப் புரிந்துகொண்டால் நான்கு கோர்ஸில் பாதி முடிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

ஒரு நிறுவனம் பல வருடங்களுக்கு முன் ஒரு இயந்திரம் வாங்கியது. காசு அன்றைக்கே போய்விட்டது. ஆனால் இயந்திரம் பல வருடம் உழைக்கும் என்பதால் அந்தச் செலவை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் காட்டுகிறார்கள். அதுதான் தேய்மானம். இந்த வருடம் அது 10 கூடுகிறது, வரி 25 சதவீதம், வரிக் கணக்கிலும் அதே தேய்மானத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். லாபம் குறைந்ததால் வரி 2.5 குறையும். ஆக நிகர லாபம் 7.5 குறையும். அப்புறம் பணப்புழக்க அறிக்கைக்கு வாருங்கள், அது லாபத்தில் தொடங்கும், நாம் நிகர லாபத்தில் தொடங்குவோம், அங்கே மைனஸ் 7.5. ஆனால் தேய்மானம் என்ற பெயரில் இந்த வருடம் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, அதனால் அந்த 10-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். மைனஸ் 7.5, ப்ளஸ் 10, கையில் 2.5 கூடியிருக்கிறது. எங்கிருந்து வந்தது இந்த 2.5? கட்டாமல் மிச்சமான வரி. கடைசியாக பேலன்ஸ் ஷீட். சொத்துப் பக்கம் ரொக்கம் 2.5 கூடியது, இயந்திரத்தின் மதிப்பு 10 குறைந்தது, மொத்தம் 7.5 குறைவு. எதிர்ப்பக்கம் சேர்த்துவைத்த லாபம் 7.5 குறைவு. இரண்டு பக்கமும் சரியாக நிற்கிறது.

லாபம் குறைந்திருக்கிறது, காசு கூடியிருக்கிறது. இது எப்படி என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இந்தத் துறையில் நாங்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலையின் வேர் இங்கேதான் இருக்கிறது. லாபம் என்பது கணக்கு எழுதும் விதிகளின்படி வரும் எண். காசு என்பது வந்ததும் போனதும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை விளக்கத் தெரிந்தவருக்குத்தான் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பிடிபடும். நீங்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்தும் தடுமாறுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டி.சி.எஃப். மாடி வீடு, மூன்று அறிக்கைகள் அதன் அஸ்திவாரம். நீங்கள் ஏணி வைத்து நேராக மாடிக்கு ஏறியிருக்கிறீர்கள்.

இன்னொரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு நிறுவனம் மாதம் 100-க்கு விற்கிறது. சரக்கு, சம்பளம் எல்லாம் சேர்த்து 80, அதை உடனே கொடுத்தாக வேண்டும். ஆனால் வாங்கியவர்கள் காசு தருவது மூன்று மாதம் கழித்து. முதல் மூன்று மாதத்தில் 240 வெளியே போய்விட்டது, ஒரு பைசா உள்ளே வரவில்லை, புத்தகத்தில் மட்டும் லாபம் 60. நான்காம் மாதம் விற்பனை இரட்டிப்பாகிறது, எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். இப்போது மாதம் 160 வெளியே போகிறது, உள்ளே வருவதோ மூன்று மாதத்துக்கு முந்தைய 100 தான். ஆறாம் மாத முடிவில் பார்த்தால் புத்தகத்தில் லாபம் 180, ரொக்கம் மைனஸ் 420. மிச்சம் எங்கே? வர வேண்டிய பாக்கியாக 600 வாடிக்கையாளர்களிடம் நிற்கிறது. 180-லிருந்து 600-ஐக் கழியுங்கள், மைனஸ் 420, சரியாக வரும். விற்பனை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு நிறுவனம் மூச்சுத் திணறி விழுவது இப்படித்தான். அந்த 420-ஐ யார் கொடுப்பது, கடனாகவா பங்காகவா, எவ்வளவு வட்டிக்கு, எத்தனை நாளைக்கு என்ற கேள்விகள் வரும்போது கார்ப்பரேட் ஃபைனான்ஸ் தொடங்குகிறது. நிறுவனத்துக்கு உள்ளே உட்கார்ந்து அந்த முடிவை எடுப்பவர் நிதித் தலைவர். வெளியிலிருந்து அந்தப் பணத்தைத் திரட்டித் தருபவர், இல்லை நிறுவனத்தையே விற்க, வாங்க உதவுபவர் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு விற்பனை டீலுக்கான மாடல், அதாவது நிறுவனத்தின் கணக்குகளை எக்செல்லில் கணித்துப் போடும் தாள், என் கையில் இருந்தது. பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. இரவு இரண்டு மணி, மறுநாள் காலை வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். நான் "இதர" என்று ஒரு வரி சேர்த்து, வித்தியாசத் தொகையை அதில் போட்டு ஒட்டவைத்துவிட்டேன். காலையில் என் மேலதிகாரி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். வர வேண்டிய பாக்கி கூடியிருந்தது, நான் அதைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தேன், ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். அதனால் அந்த நிறுவனம் கையில் வைத்திருப்பதாக நான் காட்டிய ரொக்கம் மொத்தமும் தப்பு. அவர் கத்தவில்லை, கம்ப்யூட்டரை மூடச் சொல்லிவிட்டு இதே மாதிரி ஒரு கணக்கைப் பேப்பரில் போடச் சொன்னார். நான் உங்களைப் பேனா எடுக்கச் சொல்வது அதனால்தான். எக்செல்லில் தப்பு ஒளிந்துகொள்ளும், பேப்பரில் அதற்கு இடமில்லை.

சரி, இப்போது டி.சி.எஃப். சூத்திரம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். அது கேட்கும் கேள்வி எளிமையானது: இந்த நிறுவனம் இனி வரும் வருடங்களில் எவ்வளவு காசை மிச்சம் பிடிக்கும், அந்தக் காசு இன்றைக்கு எவ்வளவு பெறும்? அடுத்த வருடம் வரும் 110 இன்றைய 100-க்குச் சமம் என்று நீங்கள் சொன்னால், 10 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பணம் கொடுத்தவர்கள் கேட்பதிலிருந்து. ஒரு நிறுவனத்தின் மூலதனத்தில் 60 சதவீதம் பங்கு, பங்குதாரர்கள் எதிர்பார்ப்பது 14 சதவீதம். மீதி 40 சதவீதம் கடன், வட்டி 8 சதவீதம். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு, 25 சதவீத வரியில் அந்த 8 உண்மையில் 6 தான். 14-ல் 60 சதவீதம் 8.4, ஆறில் 40 சதவீதம் 2.4, மொத்தம் 10.8. இதைத்தான் சராசரி மூலதனச் செலவு என்கிறார்கள்.

கடன் மலிவு என்றால் முழுசும் கடனாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும். 1958-ல் ஃபிராங்கோ மோடிலியானி, மெர்டன் மில்லர் இருவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. வரி இல்லை, திவால் செலவு இல்லை, எல்லோருக்கும் ஒரே தகவல்தான் தெரியும் என்ற உலகத்தில், கடனையும் பங்கையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று காட்டினார்கள். கடன் கூடக் கூடப் பங்குதாரரின் ஆபத்தும் கூடும், அவர் கேட்கும் வருமானமும் கூடும், கடைசியில் மலிவுக் கடனின் லாபம் அங்கே கரைந்துவிடும். பின்னாளில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, 1985-ல் ஒருவருக்கு, 1990-ல் மற்றவருக்கு. நிஜ உலகத்தில் வரி உண்டு, திவாலும் உண்டு, அதனால் விகிதம் முக்கியமாகிறது. டிவிடெண்டை நிறுத்திவைக்கலாம், வட்டியை நிறுத்தினால் கடன் கொடுத்தவர் நிறுவனத்தையே கேட்பார். 1988-ல் கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கப் போட்டியிட்டு வென்றது, அதில் மிகப் பெரும்பகுதி கடன். இப்படிக் கடனை நெம்புகோலாக வைத்து வாங்குவதை எல்.பி.ஓ. என்பார்கள். வாங்கப்படும் நிறுவனமே தன் காசை வைத்து அந்தக் கடனை அடைக்க வேண்டும், அது காசு ஈட்டுவதில் ஒரு வருடம் சறுக்கினால் என்ன ஆகும் என்பதை மேலே போட்ட 420 கணக்கோடு சேர்த்து யோசியுங்கள்.

டி.சி.எஃப். பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், கோர்ஸ்களில் இதை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐந்து வருடக் கணிப்புக்குப் பிறகு "இனி காலத்துக்கும் இவ்வளவு வளரும்" என்று ஒரு எண் போடுவீர்கள் இல்லையா, அதில் விளையாடிப் பாருங்கள். கடைசி வருடக் காசு 100, தள்ளுபடி விகிதம், அதாவது பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்ப்பது, 10 சதவீதம். அடுத்த வருடக் காசை, இந்த விகிதத்திலிருந்து வளர்ச்சியைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். வளர்ச்சி 2 சதவீதம் என்றால் 102-ஐ 0.08-ஆல் வகுக்க 1,275 வரும். வளர்ச்சி 4 சதவீதம் என்றால் 104-ஐ 0.06-ஆல் வகுக்க சுமார் 1,733. இரண்டே இரண்டு புள்ளி, மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதனால் யாராவது மூன்று தசம இடத்தோடு ஒரு நிறுவனத்தின் மதிப்பைச் சொன்னால், அந்த எண்ணைப் பார்க்காதீர்கள், அதற்குள் என்ன அனுமானம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு நாடு வளரும் வேகத்தைவிட ஒரு நிறுவனம் காலத்துக்கும் வேகமாக வளரும் என்று போட்டிருந்தால் அந்த மாடலைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மதிப்பைப் பேசும்போது நிறுவன மதிப்பு, பங்கு மதிப்பு என்று இரண்டு வரும், ஆரம்பத்தில் எல்லோரும் குழம்புவார்கள். வீடு 100 பெறும், அதன்மேல் கடன் 70, உங்களுடையது 30. வீட்டின் மதிப்பு 100 தான், கடன் வாங்கியதால் வீடு சின்னதாகிவிடவில்லை. நிறுவனமும் அப்படியே, பங்கு மதிப்போடு கடனைக் கூட்டி, உள்ளே இருக்கும் ரொக்கத்தைக் கழித்தால் நிறுவன மதிப்பு. ரொக்கத்தை ஏன் கழிக்கிறோம்? வாங்கியவுடன் அந்தப் பெட்டிக் காசு வாங்கியவருடையது, அந்த அளவுக்கு அவருக்கு விலை குறைந்த மாதிரி.

இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்ற பெயரில் பேங்க் இருந்தாலும் நம் சேமிப்புக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் 1933-ல் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் வந்து, மக்களின் டெபாசிட்டை வாங்கும் வேலையையும் பங்கு, பத்திரம் வெளியிட்டு விற்கும் வேலையையும் பிரித்தது. ஜே.பி. மார்கன் டெபாசிட் பக்கம் நின்றது, அங்கிருந்து பிரிந்தவர்கள் 1935-ல் மார்கன் ஸ்டான்லியைத் தொடங்கினார்கள். 1999-ல் அந்தத் தடுப்பு நீங்கிவிட்டது, ஆனால் வேலையின் குணம் அப்படியேதான் இருக்கிறது. முக்கியமாக இரண்டு வேலை. பணம் திரட்டித் தருவது ஒன்று, அதாவது ஐ.பி.ஓ. (ஒரு நிறுவனம் முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது), பத்திர வெளியீடு. நிறுவனங்களை வாங்க, விற்க, இணைக்க ஆலோசனை தருவது இன்னொன்று.

முதலாவதில் கஷ்டம் விலை நிர்ணயம். விற்பவருக்கு அதிக விலை வேண்டும், வாங்குபவருக்கு முதல் நாளே கொஞ்சம் லாபம் வேண்டும், நடுவில் பேங்கர். 2004-ல் கூகுள் இதைத் தவிர்க்கலாம் என்று ஏல முறையில் ஐ.பி.ஓ. கொண்டுவந்தது. முதலில் ஒரு பங்குக்கு 108 முதல் 135 டாலர் என்று சொன்னார்கள், கடைசியில் 85 டாலருக்கு விற்றார்கள், முதல் நாள் முடிவில் விலை சுமார் 100 டாலர். அவ்வளவு கவனமாக ஏலம் போட்டும் சரியான விலை ஒரே நாளில் நழுவியது.

இரண்டாவதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பேப்பரில் போட்டே காட்டுகிறேன். 'அ' நிறுவனத்தின் லாபம் 100, பங்குகள் 100, பங்கு விலை 20, அதாவது லாபத்தைப் போல் 20 மடங்கு. 'ஆ' நிறுவனத்தின் லாபம் 50, மதிப்பு 500, பத்து மடங்குதான். 'அ' காசு கொடுக்காமல் 25 புதுப் பங்குகள் அச்சடித்து 'ஆ'வை வாங்குகிறது. இப்போது மொத்த லாபம் 150, பங்குகள் 125, ஒரு பங்குக்கு லாபம் 1-லிருந்து 1.20 ஆகிவிட்டது. பத்திரிகைக் குறிப்பில் பங்கு லாபம் 20 சதவீதம் உயர்ந்தது என்று எழுதலாம், பொய்யும் இல்லை. ஆனால் புதிதாக என்ன உருவானது? 2,000 பெறும் நிறுவனமும் 500 பெறும் நிறுவனமும் சேர்ந்து 2,500, அதை 125 பங்கால் வகுத்தால் அதே 20. ஒன்றுமே உருவாகவில்லை. சேர்ந்த பிறகு செலவு குறைந்தாலோ விற்பனை கூடினாலோதான் இந்த டீலுக்கு அர்த்தம் உண்டு, அது எவ்வளவு, எப்போது, யாருடைய வேலை போய் அது வரும் என்று கேட்பது நம் கடமை.

விலை ஏறிய பங்கையே பணமாகப் பயன்படுத்திய பெரிய உதாரணம், 2000 ஜனவரியில் அறிவித்த, இணைய நிறுவனமான ஏ.ஓ.எல்., ஊடக நிறுவனமான டைம் வார்னர் இணைப்பு. இணையக் காய்ச்சலில் ஏ.ஓ.எல். பங்கு உச்சத்தில் இருந்தது. டைம் வார்னர்தான் நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தது, ஆனால் இணைந்த நிறுவனத்தில் ஏ.ஓ.எல். பங்குதாரர்களுக்கு 55 சதவீதம், டைம் வார்னர் பங்குதாரர்களுக்கு 45 சதவீதம். 2002-ம் ஆண்டுக்கு அந்த நிறுவனம் காட்டிய நஷ்டம் சுமார் 9,900 கோடி டாலர். அதில் பெரும்பகுதி, புத்தகத்தில் ஏற்றி வைத்திருந்த நற்பெயர் மதிப்பை (குட்வில், அதாவது வாங்கும்போது சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) இறக்கி எழுதியது. இந்த நஷ்டத்தில் பெரும்பங்கு காசாக வெளியே போகவில்லை என்பதைக் கவனியுங்கள், தேய்மானக் கணக்கில் பார்த்த அதே விஷயம். ஆனால் டைம் வார்னர் பங்கை வைத்திருந்த ஒருவர் அதைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வாங்கிக்கொண்டது அந்த ஏறிய பங்கை. அவருடைய இழப்பு நிஜம்.

கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டல், கழித்தல், சதவீதம், கூட்டு வட்டி, இவ்வளவுதான். உங்கள் பொறியியல் கணிதத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. எக்செல்லும் அப்படியே, நீங்கள் மென்பொருள் எழுதுபவர், இரண்டு வாரத்தில் வந்துவிடும். கைவர நேரம் எடுப்பது கணக்கியல், அதற்கு வெட்கப்படாமல் பள்ளிக்கூட அளவில் இருந்து பற்று வரவு எழுதிப் பழகுங்கள்.

சி.எஃப்.ஏ. நல்ல படிப்பு, ஆனால் மூன்று நிலைத் தேர்வு, அதோடு 4,000 மணி நேரத் தொடர்புடைய வேலை அனுபவம் கேட்பார்கள், அதன் சாய்வு முதலீட்டு மேலாண்மை பக்கம். பங்கு ஆய்வுக்கோ நிதி மேலாண்மைக்கோ போவதென்றால் தாராளமாக எழுதுங்கள். பேங்கிங்குக்கு அது கட்டாயம் இல்லை, முதல் நிலையின் கணக்கியல் பகுதியை மட்டும் படித்தாலும் பலன் உண்டு. ஐந்தாவது கோர்ஸ் வாங்காதீர்கள், தயவுசெய்து. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் கல்லூரியில் கார்ப்பரேட் ஃபைனான்ஸும் வேல்யுவேஷனும் நடத்தும் அஸ்வத் தாமோதரன் தன் வகுப்புகளை இணையத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார், ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் துறைவாரியான தரவுகளையும் புதுப்பிக்கிறார். அது போதும், உண்மையில் போதும்.

வயது 26 தாமதம் இல்லை. ஆனால் பேங்கிங்கில் அடிமட்டத்தில் இருந்துதான் ஏற வேண்டியிருக்கும், உங்களைவிடச் சின்னவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நேரமும் கடுமையானது. 2024-ல் ஜே.பி. மார்கன் இளநிலை பேங்கர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, அதிலும் டீல் நடக்கும்போது விலக்கு உண்டு. வரம்பே 80 என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உங்களை நம்பி யார் இருக்கிறார்கள், உடம்பு எப்படி என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுங்கள். நிறுவனங்களுக்கு உள்ளேயே இருக்கும் நிதித் திட்டமிடல் பிரிவு, ரொக்கத்தையும் கடனையும் கவனிக்கும் கருவூலப் பிரிவு எல்லாம் இதே அறிவைக் கேட்கும் வேலைகள், இரவில் தூங்க விடும் வேலைகளும்கூட. மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தொழிலில் காசு எப்படி வருகிறது என்று உள்ளிருந்தே தெரியும், அந்தத் துறையைக் கவனிக்கும் குழுக்களுக்கு அது பெரிய விஷயம், நேர்காணலில் அதை முன்னால் வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பங்குச் சந்தையில் இருக்கும், பொருள் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். வங்கியோ காப்பீடோ வேண்டாம், அவற்றின் கணக்கு வேறு மாதிரி. தலைவர் உரை, படங்கள் எல்லாவற்றையும் தாண்டி நேராகப் பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். லாபத்தில் தொடங்கி ரொக்கம் வரைக்கும் ஒவ்வொரு வரியையும் கையால் எழுதி, பக்கத்தில் அது ஏன் கூடுகிறது, ஏன் கழிகிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். நாற்பது வரி இருந்தால் பத்து வரியில் மாட்டிக்கொள்வீர்கள், பரவாயில்லை, அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் பாதிக்கு விடை கிடைக்கும். மிச்சம் இருக்கும் வரிகளை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து, நானும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.